வாடைக்கு வாய் திறந்த புகைக்கூடு

கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் காலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் வீட்டுக் கூரையில் நிற்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. ஒரு கையில் கட்டுக்கம்பி, மறு கையில் எண்ணெய்ப் பரல் பீப்பாயை வெட்டி விரித்த ஒரு தகரம். முதல்நாள் மழையில் ஓடுகள் வழுக்கின. வாடைக்காற்று தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நானும் விடவில்லை.

வாசல் ஒழுங்கையால் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“என்னக்கா, கூரை ஒழுகுதோ?”

“இல்லைத் தம்பி, அடுப்பு ஒழுகுது!”

விளங்கினதோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் எனக்கு அப்போதே “போறணை வீட்டுக்காரி” என்று பட்டம். போறணை என்றால் பேக்கரியில் பாண் சுடுகிற பெரிய அடுப்பு. அதில் ஒன்றை வீட்டு விறாந்தைச் சுவரில் கட்டி வைத்திருந்தவள் அடம்பன் பகுதி முழுக்க நான் ஒருத்திதான்.

அன்று மத்தியானத்துக்குள் அந்தப் புகைக்கூடு சரிவந்தாக வேண்டும். வராவிட்டால் வவுனியாவில் இருந்து வான் வண்டி கொண்டு வருகிற என் மகள் கௌரி, தகப்பனை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். அவர் போனால் நானும் போகவேணும். நாங்கள் போனால் ஆறு மாதத்தில் வளவைப் பற்றைக்காடு மூடும். அதற்கு முன்பே சண்டைக்குப் பயந்து மூன்று தடவை அந்த வளவை விட்டு ஓடியவள் நான். நாலாம் தடவைக்கு நான் தயாராக இல்லை.

மன்னாரில் என்ன குளிர்?

கொழும்பிலும் கனடாவிலும் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மன்னார் என்றால் வெயிலும் கழுதையும் என்று நினைக்கிறவர்கள், கார்த்திகை மார்கழியில் குளக்கரை ஊரில் ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து பார்க்க வேண்டும்.

அது ஈரக் குளிர். நிலம் ஊறும், சுவர் ஊறும், தலையணை ஊறும். உப்புச் சிரட்டையில் உப்பு தண்ணீராகக் கிடக்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் உதிரும். அதன் மேல் வாடையும் அடித்தால், நல்ல நெஞ்சுக்காரனே இருமுவான்.

என் மனுசனுடையது நல்ல நெஞ்சு அல்ல. தொய்வு, மூச்சிழுப்பு நோய். மூன்று மாரி அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே ஈர மண்ணில் படுத்து எழும்பியதில் வந்தது. ஒரு மாரியில் முகாமில் மூச்சு எடுக்க முடியாமல் நகமெல்லாம் நீலமாகிப் போனார். அன்றைக்குக் கௌரிதான் ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த நீலத்தை அவள் மறக்கவில்லை. மறக்கச் சொல்ல எனக்கும் வாயில்லை.

ஊருக்குத் திரும்பலாம் என்று பதிவு வந்தபோது அவள் என்னிடம் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“போங்கோ, நான் மறிக்கேல்ல. ஆனா மாரிக்குள்ள அப்பாக்கு ஒருக்காத் தொய்வு வந்தாலும் நான் வந்து ஏத்திக்கொண்டு போவன். அப்ப மறுகதை கதைக்கக் கூடாது.”

“ஓம்” என்றேன். சொல்லும்போதே, வரவிடுவேனா பார் என்று மனதுக்குள் சபதம் எடுத்தாயிற்று.

டாக்குத்தர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஈரம் கூடாது. புகையும் கூடாது. ஈரத்தைப் போக்க நெருப்பு வேண்டும். நெருப்பு மூட்டினால் புகை வரும். டாக்குத்தர்மாருக்கு இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவது லேசு.

துரை பங்களாவில் கண்டது

வழியைச் சொன்னது இவர்தான், என் மனுசன். கலியாணத்துக்கு முந்திய காலத்தில் குளிர் மலையான நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். துரை பங்களாவுக்குக் கணக்குக் கொப்பி கொண்டு போகும்போது, மண்டபச் சுவருக்குள்ளேயே நெருப்பு எரியுமாம். புகை சுவருக்குள்ளால் ஏறி மேலே போய்விடுமாம். கணப்பு என்ற சொல்லை அவர் வாயால்தான் நான் முதலில் கேட்டேன்.

“கொப்பியைக் குடுத்திட்டு நிண்ட நிலையில முதுகு காய்வன்” என்பார். “துரை கையெழுத்து வைக்கச் சுணங்கினா எனக்குச் சந்தோசம்.”

இந்தக் கதையை நான் எத்தனையோ வருசம் ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரித்திருக்கிறேன். வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குச் சீமெந்துக் கல் வீடு ஒன்று எழும்பத் தொடங்கிய பிறகுதான் கதை கதையாக இல்லாமல் போனது. ஒரு நாள் ஈயம் பூசிய கேத்திலைக் கழுவிக்கொண்டு நின்றவள் அப்படியே வைத்துவிட்டு, “இஞ்சருங்கோ, அந்தப் பங்களாச் சுவர் எத்தினை அடி அகலம்?” என்று கேட்டேன்.

வேலை பார்க்க வந்த உத்தியோகத்தருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “அம்மா, உது பிளானில இல்லை. உங்களுக்கு ஏன் நுவரெலியா வீடு?”

“பிளானுக்குத் தொய்வு இல்லைத் தம்பி. என்ர மனுசனுக்கு இருக்கு.”

வீடு முடிந்த பிறகு எங்கள் பாட்டில் கட்டிக்கொள்ளுங்கள் என்றுவிட்டுப் போனார். போதும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹனீபா நானா

மேசன் தேடினேன். சுவர் கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. நெருப்புக்கு வீடு கட்டத் தெரிந்தவர் ஒருவர் முசலிப் பக்கத்தில் இருக்கிறார் என்றார்கள். ஹனீபா நானா. முஸ்லிம் ஆட்களுக்கு அண்ணன் என்றால் நானா. எங்களைப் போலவே ஊரை இழந்து, எங்களை விடக் கனகாலம் வெளியில் இருந்து திரும்பியவர். புத்தளத்தில் பேக்கரிகளுக்குப் போறணை கட்டியே பிள்ளைகளை வளர்த்த மனிதர்.

வந்து விறாந்தையைச் சுற்றிப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

“எத்தினை இறாத்தல் பாண் போடப் போறீங்க தங்கச்சி?”

“பாண் இல்லை நானா. இந்த மனுசனைக் காயவைக்க வேணும்.”

கதிரையில் இருந்த என் மனுசனை ஹனீபா நானா மேலும் கீழும் பார்த்தார். “அப்பச் சின்னப் போறணை காணும்” என்றார். இவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

கட்டியது ஆடி மாதம். செங்கல்லுக்குப் புற்றுமண்ணும் உமியும் குழைத்த சாந்து. சீமெந்து சூட்டுக்கு வெடிக்கும் என்று நானா தொடவே விடவில்லை. நல்ல புற்றெல்லாம் மண்டையோட்டுப் பலகை நட்ட கண்ணிவெடிக் காணிக்குள் நின்றது. ஆகவே கோயில் வீதியோரம் இருந்த ஒரு கிழட்டுப் புற்றைக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வெட்டினோம். பாம்பு இல்லை. இருந்திருந்தாலும் வெட்டியிருப்பேன்.

அப்போது சோளகம் சீறிக்கொண்டிருந்தது. தென்மேற்குக் காற்று. பல்லுக்குள் மண் கடிபடும். புகைக்கூட்டுக்கு மேலே மழை விழாமல் பலகைக்கல் மூடி, ஒரு பக்கம் மட்டும் வாய் விடுவதாக ஏற்பாடு. எந்தப் பக்கம் விடுவது என்று நானா கேட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற நான், “காத்துக்கு முதுகு காட்டி விடுங்கோ நானா” என்றேன். அவரும் சரி என்றார். சோளகத்துக்கு முதுகு, வடகிழக்குக்கு வாய். எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

ஆறு கிழமை ராசபோகம்

ஐப்பசியில் மழை தொடங்கியது. காற்று அப்போது இன்னும் ஒரு பக்கமாக நிலைக்கவில்லை. முதல் நாள் நெருப்பு மூட்டி, புகை மறுபேச்சில்லாமல் மேலே ஏறிப்போனதைப் பார்த்து நான் கை தட்டினேன்.

நெருப்பு வளர்ப்பதும் பிள்ளை வளர்ப்பதும் ஒன்று, விட்டுவிட்டுப் போக முடியாது. அடியில் காய்ந்த பன்னாடை, அதற்கு மேல் ஊமல். ஊமல் என்பது பனங்கொட்டையின் கோது. பிடிக்கச் சுணங்கும், பிடித்தால் தணலாக நின்று சூடு தரும். அதற்கு மேல் பாலை விறகு. உடைமரம் படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும், அது வீட்டுக்குள் ஆகாது.

பதுங்குகுழிப் பங்கர்களில் இருந்து கிளப்பிய பனங்குற்றிகள் ஊரெல்லாம் கிடந்தன. சும்மா கிடைக்கிற விறகு. ஆனால் கோடரியால் பிளந்து, உள்ளே ஏதும் செருகிக் கிடக்கிறதா என்று பாராமல் ஒரு துண்டும் வைக்க மாட்டேன். இரண்டு குற்றிக்குள் துப்பாக்கிச் சன்னம் கிடந்தது. விறகுக்குள் புழு பார்ப்பதுபோல் நாங்கள் சன்னம் பார்த்தோம்.

காலையில் சாம்பலை அள்ளுவேன். ஒரு விரல் உயரம் விட்டுத்தான் அள்ள வேண்டும், முழுக்க வழித்தால் அடுத்த நெருப்புப் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கிழமைக்கு ஒருக்கால் ஒரு கட்டு ஈச்சம் மட்டையைக் கயிற்றில் கட்டிப் புகைக்கூட்டுக்குள் இறக்கி ஏற்றிக் கரியை உதிர்ப்பேன். பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே பயம் வரும்.

அந்த ஆறு கிழமையும் ராசபோகம்தான். வெளியில் மழை ஊற்றும். இவர் இரண்டு காலையும் நெருப்புக்கு நீட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருப்பார். நான் பக்கத்தில் பலகையில். தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும். கொடியில் உடுப்புகள் காயும். வயல் விதைத்தாயிற்று, செய்ய ஒன்றும் இல்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் ஓடாமல், வரிசையில் நிற்காமல், சும்மா இருந்து கதைத்தது அப்போதுதான். நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு ஏன் வெட்கம்?

காற்றுத் திரும்பிய பின்னேரம்

விளக்கீட்டுப் பின்னேரம் வாடை விழுந்தது. வாசலில் ஏற்றிய பந்தத்தின் சுடர் ஒரேயடியாகத் தென்மேற்காகப் படுத்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

உள்ளே “இஞ்சாரும்” என்று ஒரு சத்தம், பிறகு இருமல். ஓடிப் போனால் விறாந்தை தெரியவில்லை. சுவருக்குள்ளால் ஏற வேண்டிய புகை முழுக்கத் திரும்பி வீட்டுக்குள் கொட்டுகிறது. அவரை இழுத்துக்கொண்டு வெளியில் வந்தேன். வாயில் வைத்து அடிக்கிற மருந்துப் பம்ப் இரண்டு தரம் அடித்தும் மூச்சு மட்டுப்படவில்லை. ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போய் ஆவி கொடுத்துத்தான் ஆள் வழிக்கு வந்தார்.

கௌரிக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். வாக்குக் கொடுத்தவள் நான்.

தொலைபேசியில் அவள் கத்தவில்லை. “நாளைக்கு மத்தியானம் வாறன். அப்பான்ர உடுப்பை எடுத்து வையுங்கோ” என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஒரு பிடி பதர்

காலையில் மழை விட்டிருந்தது. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஆறு கிழமை ஒழுங்காக இழுத்த புகைக்கூடு ஒரே நாளில் ஏன் எதிரியானது?

மாட்டுக்கொட்டிலில் பதர் மூட்டை கிடந்தது. ஒரு பிடி அள்ளி, நெல் தூற்றுவதுபோல் தலைக்கு மேலே எறிந்தேன். பதர் அத்தனையும் வடகிழக்கில் இருந்து சாய்ந்து, புகைக்கூட்டின் வாயைப் பார்த்தே பறந்தது.

எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம்! பதினைந்து வயதில் இருந்து களத்தில் காற்றுப் பார்த்து நெல் தூற்றியவள் நான். ஆடிக் காற்று வேறு, மாரிக் காற்று வேறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தறப்பாளுக்குக் கீழே, எந்தப் பக்கத்தால் எது வரும் என்று வேறு விதமாகப் பயந்து பயந்து, காற்றைப் பார்க்கிற பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிற்று. முன்னால் நின்ற காற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டு, அடுத்து வரப்போகிற காற்றுக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறோம்.

ஹனீபா நானாவுக்குப் போன் அடித்தேன்.

“மழை ஈரத்தில ஓட்டில ஏறேலாது தங்கச்சி. ரெண்டு நாள் பொறுங்க, நான் வந்து பாக்கிறன்.”

“ரெண்டு நாளில இஞ்ச ஆள் இருக்காது நானா. நான் ஏறுறன்.”

பழைய கொட்டிலுக்குக் கதவாக நின்ற பரல் தகரத்தைக் கழற்றினேன். ஏறினேன். அந்த நிலையில்தான் சைக்கிள்காரருக்கு நான் காட்சி கொடுத்தது.

வாடைப் பக்க வாயைத் தகரத்தால் மூடிக் கம்பியால் இறுக்கினேன். மற்றப் பக்கத்துச் செங்கல்லை உடைக்கச் சுத்தியலை ஓங்கியபோது, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம். தலையில் பிளாஸ்டிக் சொப்பின் பையைக் கட்டிக்கொண்டு ஹனீபா நானா நிற்கிறார்.

“இறங்குங்க தங்கச்சி! விழுந்தா நான்தான் பதில் சொல்லோணும்!”

“நீங்களும் நானும் சேர்ந்து விட்ட பிழை. நீங்களும் ஏறுங்கோ.”

ஏறினார். தான் கட்டியதைத் தானே உடைக்கிறவனுக்கு உள்ள எரிச்சல் முழுக்க அந்தச் சுத்தியலில் தெரிந்தது. நாலு செங்கல் போனது. தென்மேற்கில் புது வாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஆடியில திரும்பவும் இதே கூத்துத்தானே?”

“ஆடியில தகரத்தைக் கழட்டி மற்றப் பக்கம் கட்டுவன். தலைமன்னாரில காத்துத் திரும்பினா மீன்பிடிக்காரர் வாடிக் கொட்டிலையே கிளப்பிக்கொண்டு மற்றக் கரைக்குப் போகினம். எனக்கு ஒரு தகரம் மாத்தேலாதே?”

நானா என் கம்பி முடிச்சை அவிழ்த்து, கழற்றிப் பூட்டத் தோதாக வேறு முடிச்சுப் போட்டார்.

இறங்கி வந்து நெருப்பு மூட்டினோம். ஈரத்தில் குளிர்ந்து கிடந்த புகைக்கூடு முதலில் மக்கர் பண்ணியது. காய்ந்த காவோலையைக் கொளுத்திக் கைநீட்டி மேலே பிடித்தேன். மயிர் கருகியது. இரண்டாவது ஓலையில் உள்ளே ‘ஹூம்’ என்று ஒரு இழுவை கேட்டது. முற்றத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். புகை வாடையோடு ஒத்துப்போய், வயல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அரைமணித்தியாலம் பொறுத்து, முன்வீட்டில் விட்டிருந்த இவரைக் கூட்டி வந்து கதிரையில் இருத்தினேன். வரும்போது நானாவைப் பார்த்து, “போறணை பாஸாயிட்டுதோ?” என்று கேட்டார். நானா மழைக்கு முந்திக் கிளம்பிவிட்டார்.

வான் வந்தது

மத்தியானம் திரும்பவும் மழை. வான் வந்து நின்றது. கௌரி நனைந்தபடி உள்ளே வந்தாள். தகப்பனின் நகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு நெருப்பைப் பார்த்தாள். பிறகு கரி அப்பிய என்னை.

“கூரையில ஏறினனீங்களோ?”

“ஓம். இப்ப புகை வராது. நீ இருந்து பார்.”

“அம்மா, நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

“சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா பிழை எங்க எண்டு பிடிச்சாச்சு.”

“அடுத்த பிழையை எப்பப் பிடிப்பியள்? அப்பா போன பிறகோ?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த வளவு, இந்த வீடு, நான் பட்ட பாடு என்று தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பாவைக் கேட்டனீங்களோ? இருக்க விருப்பமோ எண்டு, ஒருக்காவது?”

துரை பங்களாச் சுவரின் அகலத்தைக் கேட்டிருக்கிறேன். தேத்தண்ணிக்குச் சீனி காணுமா என்று கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கவில்லை. அவர் விருப்பம் என் விருப்பம்தான் என்று நானே முடிவு கட்டி, நானே கட்டியும் முடித்திருந்தேன். நான் மோசமான மனுசி என்று அந்த நிமிசம் எனக்குத் தோன்றியது.

இவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் சண்டை பிடிக்கிறபோது அவர் எப்போதும் அப்படித்தான்.

அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

“இஞ்சருங்கோ, போகப் போறியளோ, இருக்கப் போறியளோ? நீங்கள் சொல்லுறதுதான். போறன் எண்டா நானும் வாறன். ஒரு கதை கதைக்க மாட்டன்.”

மெய்யாகத்தான் சொன்னேன். போகிறேன் என்றிருந்தால் அன்றே கதவைப் பூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அவர் குனிந்து ஒரு பாலைத் துண்டை எடுத்து, தணலுக்கு நடுவில் வைத்தார். மூச்சு வாங்கியது, ஆனால் சீராக வாங்கியது. பிறகு கௌரியைத் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளை, அந்த வான்காரப் பொடியனை உள்ள கூப்பிடு, மழைக்குள்ள நிக்கிறான். நெருப்பில கொஞ்சம் காய்ஞ்சு, ஒரு தேத்தண்ணியும் குடிச்சிட்டு, வெறும் வானாப் போகட்டும்.”

கௌரி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வேலிப் படலைப் பக்கம் போனாள்.

நான் அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. வீட்டுக்குள் ஒரு பொட்டுப் புகை இருக்கவில்லை.